சேற்றுக் கம்புகள்

கண்ணாடி துடைப்பதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. உப்பங்கழியோரம் கட்டிய பார்வையாளர் மையத்தின் பெரிய சன்னலை, ஆள் இருந்தும், தினமும் காலையில் நானே துடைப்பேன். அந்தக் கட்டடத்தை வரைந்தவனும் நான்தானே.

அந்தச் சன்னலுக்கு நேரே, கடல் வற்றிய சேற்றில், செஃபெரீனு என்பவர் சிப்பி தோண்டுவார். போர்ச்சுகலின் தென்கரையில் எங்கள் கழியைப் பறவைக் காப்பகமாக்கியபோது, பரம்பரைச் சிப்பிக்காரர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நாரை பார்க்க வரப்போகிறவர்கள் முதலில் பார்க்கப்போவது அவருடைய குனிந்த பின்புறத்தை. மதியம் சன்னலுக்கடியிலேயே உட்கார்ந்து நண்டுக் காலைக் கடித்துத் துப்புவார். அழுகிய பாசி நாற்றம் உள்ளே வரும். பூசி மெழுகுவானேன், அந்த மனிதரே எனக்கு அருவருப்பு.

அவருக்கோ என்மேல் பிரியம்.

"ஆர்க்கிடெக்ட் ஐயா, கண்ணாடி டப்பாக்குள்ளயே கிடந்தா நீங்களும் டப்பா மத்தி மீனாயிடுவீங்க. இறங்கி வாங்க."

ஒருநாள் இறங்கினேன். சேற்றில் வழி காட்ட வரிசையாக நட்டிருந்த கம்புகளைத் தொட்டுக் காட்டினார்.

"மூடுபனியில கண்ணை நம்பாதீங்க, கம்பை நம்புங்க. எவன் கம்பை நகர்த்தினாலும் சாராயக் கடையில வந்து சொல்லணும். எங்கப்பன் காலத்துலேருந்து இதான் சட்டம். இடப்பக்கம் மட்டும் போயிடாதீங்க, அங்க சேறு மாட்டையே முழுங்கிடும்."

மார்ச்சில் திறப்பு விழா. அந்தக் கம்புகள் சன்னல் காட்சியின் குறுக்கே நின்றன. ஒன்பதைப் பிடுங்கி, முப்பது அடி தள்ளி, அதே இடைவெளியில் நட்டேன். எந்தப் பக்கம் என்கிறீர்களா? இடப்பக்கம். சாராயக் கடைக்குப் போகவில்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது.

நட்ட மூன்றாம் நாள் மூடுபனி இறங்கியது. வானிலை அறிக்கையில் முன்பே சொல்லியிருந்தார்கள். நான் வழக்கம்போல் துடைத்துக்கொண்டிருந்தேன். கடல் ஏறத் தொடங்கியபோது குரல் வந்தது. நான் அங்கே இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அலறவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆர்க்கிடெக்ட் ஐயா, கம்பு மாறியிருக்கா?"

ஆறு தடவை கேட்டார். ஆறாவதில் பாதிதான் வந்தது. மீதியைத் தண்ணீர் குடித்துவிட்டது. மையத்தில் படகும் இருந்தது, நீளக் கயிறும் இருந்தது. நான் எடுக்கவில்லை.

அவர் மனைவி தெயொலிந்தா என்னை ஏமாற்றுக்காரன் என்று ஊரெல்லாம் சொல்கிறாளாம். அது அபாண்டம். கொன்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.