களியை மென்ற ஹீரோ

ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலம் இறங்கும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்து, பஸ்ஸை நானே காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து, எங்கள் மடியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனது. முன்சீட்டில் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

“ஹீரோ களிய மெல்லறான் கண்ணு. பாத்துட்டு எப்படிச் சும்மா நிக்கறது?” என்றார் மூத்தவர்.

எனக்குப் பள்ளத்தாக்கு மறந்துபோனது.

“நம்ம மலைச் சோத்த வெச்சுக் காதல் படம் எடுக்கறாங்க. ஹீரோயினோட அத்தையா, பரிமாறிட்டுச் சும்மா நிக்கத்தானுங்கக்கா உங்களக் கூப்பிட்டாங்க?”

“ஆமா. கேமரா ஓடறப்ப, ‘மெல்லாத சாமி, கொழம்புல தொட்டு அப்படியே முழுங்கு’ன்னுட்டேன். டைரக்டர் தலையில கை வெச்சுட்டார். என்னைய வெட்டித்தான் எறிஞ்சிருப்பாங்க. நான் நடிச்ச படம்னு நம்மூரு கிளியூர் பூராச் சொல்லி வெச்சிருக்கறேனே!”

இளையவரின் போன் அடித்தது. கேட்டுவிட்டுத் தயங்கினார்.

“உங்க மவதானுங்க. காலைக் காட்சி பாத்துட்டாளாம். உங்க மூஞ்சி வரலியாம். குரல் மட்டும் வருதாம்.”

மூத்தவர் மேகத்தையே பார்த்திருந்தார்.

“அந்நேரத்துக்கு என்னத்தக் காட்டறாங்களாம்?”

“ஹீரோவத்தானுங்க. நீங்க சொன்னதும் மெல்லறத உட்டுட்டு முழுங்கறானாம். தியேட்டரே கை தட்டுதாம்.”

பஸ் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மூஞ்சி கெடக்குது போ,” என்று அந்தக் குரல் சிரித்தது. “எங்க ஊட்டுல நான் சொல்லி ஒருத்தராச்சும் கேட்டிருக்கறாங்களா?”