பதினோராவது பாட்டு

பதுளையிலிருந்து லுணுகலை போகும் பஸ்ஸில் என் முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்துபோகும் உளவள ஆலோசகர், யாழ்ப்பாணப் பேச்சு. மற்றவர் கொழுந்து பறிப்பவர். மண்சரிவில் அவருடைய லயத்து வீடு மகளோடு புதைந்துபோனதைப் பேச்சிலிருந்து அறிந்தேன். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான்.

“நாங்க கோயில்ல பாடுற இந்தப் பதிகத்தப் பாடுனவரு வீட்டு மேலயும் மண்ணு சரிஞ்சிருக்கணும் மிஸ்” என்றார் கொழுந்து பறிப்பவர்.

“ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?”

“எங்க இருக்க, ஏன் பேச மாட்டேங்கிறன்னு பாட்டுக்குப் பாட்டு அதையே சாமிகிட்ட கேக்குறாரு. மண்ணத் தோண்டுறப்ப நானும் புள்ளகிட்ட அதத்தான் கேட்டேன்.”

“ஓம். பெரிய அதிர்ச்சி பட்ட ஆக்கள் ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லுவினம். அவரும் அப்பிடித்தான் போல.” ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா வெள்ளிக்கிழமைப் பூசையில பத்துப் பாட்டோட நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போறியளாம். கடைசிப் பாட்டு, பதினோராவதிலதானே ஆறுதல் இருக்கு?”

“இதப் பாடுனா துன்பம் தீரும்னு அதுல வருது. அத அவரு பாடியிருக்க மாட்டாரு மிஸ். ஆறுதல் சொல்ல வந்தவங்க யாராச்சும் சேத்து எழுதியிருப்பாங்க.”

தோட்டத்துச் சந்தியில் அந்தப் பெண் எழுந்தார்.

“வாற வெள்ளி நானும் கோயிலுக்கு வரட்டே?” என்றார் ஆலோசகர்.

“வாங்க மிஸ். பாடுறதா இருந்தா பத்தோட நிப்பாட்டிக்கிருங்க.”