கெவினின் அப்பா பேசுகிறேன்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய ஸ்ரீதரன் அண்ணை அவர்களே, அஹுன்ட்சிக் மண்டபத்தை நிறைத்திருக்கும் ஆன்றோர்களே, என் துணைவி பாலாம்பிகையைத் தாங்கிப் பிடித்திருக்கும் தாய்மார்களே, யோகேந்திரனின் வணக்கம்.

தமிழ்ப் பெயர் சூட்டுங்கள் என்று இதே மேடையில் இருபது ஆண்டுகள் முழங்கினேன். கை தட்டினீர்கள். இன்று என் மகன் மறைந்த முப்பத்தோராம் நாள். இன்றும் பெயரைப் பற்றித்தான் பேசுகிறேன். தயவுசெய்து கை தட்டாதீர்கள்.

நினைவு மலரில் கெவின் என்று இருக்கிறதே, ஆரூரன் எங்கே என்று வாசலில் கேட்டீர்கள். சொல்கிறேன்.

கெவின் அயர்லாந்துப் பெயர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், இரண்டு ஏரிகளின் நடுவே தவமிருந்த துறவியின் பெயர். கடல் கடந்து, கண்டம் கடந்து, தொண்ணூறுகளில் இந்தக் கெபெக் மாகாணத்தில் வகுப்புக்கு இரண்டு கெவின் என்று பரவிய பெயர். பிரசவ அறையில் பாலாம்பிகையின் கையை விடாது பிடித்திருந்த தாதி, அயர்லாந்து வழிவந்த மாக்கிரட், சொல்லிக் கொடுத்த பெயர். பிறப்புப் பத்திரத்தில் அதை எழுதியவள் என் மனைவி. வீட்டுக்குள் அதை நுழையவிடாதவன் நான்! இருபத்தெட்டு ஆண்டுகள் ஆரூரன் என்றே அழைத்தேன்.

சென்ற மாதம், லொங்குய் நகருக்கு வேலைக்குப் போன பிள்ளையை லொறி மோதியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆரூரன் என்றேன். அப்படி எவரும் இல்லை என்றார்கள். பதற்றத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை. அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கும் இல்லை. அப்போதுதான் பாலாம்பிகை தொலைபேசியில் கேட்டாள்: "கெவின் எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை, அவையோரே! பெற்றவன் கேட்கவில்லை!

முதல் ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினேன். முதலில் நான் நின்ற அதே மேசைக்குப் பின்னால், மூன்றாவது கதவு. அப்பா வந்துவிட்டாரா என்று இரண்டு தரம் கேட்டானாம். தாதி பிரெஞ்சில் சொன்னாள். மூன்றாம் தரம் கேட்க அவன் இருக்கவில்லை.

யாரது முன்வரிசையில்? "காணும் அண்ணை, இருங்கோ" என்கிறீர்களா? காணாது தம்பி, இன்னும் சொல்லி முடியவில்லை.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று, சாம்பலைக் கையில் வாங்கிய அன்றுதான் மனைவியிடம் கேட்டேன். "அன்பான பிறப்பு எண்டு மாக்கிரட் சொன்னவ. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றாள்.

தமிழ்ப் பெயர் வையுங்கள். இன்றும் அதையே சொல்வேன். ஆனால் உங்கள் பிள்ளை எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறதோ, அந்தப் பெயரை ஒருதரமாவது வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அது கேட்கும்போதே கூப்பிடுங்கள்.

துயர் பகிர வந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. கெவினின் அப்பா கைகூப்பி விடைபெறுகிறேன்.