ஒன்றேகால் மணி கேட் பாஸ்

ஹலோ... ஜெபகுமார் தம்பியா? போன வெச்சிடாதீங்க. நான் லோகநாதன். உங்க சம்சாரம் உதயா வேல செஞ்ச தையல் லைனுக்கு சூப்பர்வைசர்...

ஆமா, அதே எக்ஸ்போர்ட் கம்பெனிதான். இல்ல இல்ல, அவங்க சொல்லி போன் பண்ணல. இன்னிக்கு நான் வேலைக்கே போவல. சிட்லபாக்கம் ஏரியோரமா நின்னுகினு பேசறேன்...

ஆமா, ஆமா, சாவு அன்னிக்கு வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டேன். உள்ள வர முடியல...

ஆட்டோ எடுக்கலையா இன்னிக்கு?... சரி. வூட்லதான கீறீங்க. உக்காருங்க தம்பி. உக்காந்துகினு கேளுங்க.

நேத்து சாப்பாட்டு நேரத்துல பேக்கிங்ல வேல செய்ற கீதா சொல்லுச்சு. உங்க தெருதான அது. உதயாவுக்கு முப்பதாம் நாள் ஜெபம்கூட வெக்கலையாமே. உங்கம்மா வேணாம்னுட்டாங்களாம்...

இல்ல, உங்க வூட்டு விஷயத்துல தலையிடல. ஏன் வேணாம்னாங்கன்னும் சொல்லுச்சு. ஒண்ணே காலுக்கு கேட் பாஸ் வாங்கினு வெளிய போனவ, நாலரைக்கு பஸ் ஸ்டாப்புல வுயுந்து கெடந்தான்னா, நடுவுல எங்க போனா, யாரப் பாத்தான்னு...

தம்பி. தம்பி, திட்டுங்க. அப்பால எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க. இத மட்டும் கேட்டுடுங்க.

அவ எங்கயும் போவல. அந்த பாஸ் பொய்.

...

ஹலோ? இருக்கீங்களா?...

ஆமா. பொய்தான். சாயந்திரம் ஆறு மணிக்கு எச்.ஆர். ரூம்ல உக்காந்து எழுதினது. டைம் அவங்க போட்டாங்க. சூப்பர்வைசர் கையெழுத்து என்னோடது. கீழ தொழிலாளி கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கும். அங்க உதயான்னு எழுதினதும் நான்தான்.

...

சொல்றேன். சொல்றேன். மொதல்லேந்து சொல்றேன்.

அன்னிக்கு ராத்திரி கண்டெய்னர் கெளம்பணும். வெளிநாட்டுக்கு போற சட்டை. காலைல பத்தரைக்கு கை தூக்கினா. நெஞ்ச அடைக்குதுண்ணா, வூட்டுக்கு போறேன்னா. மேனேஜர் கையெழுத்து இல்லாம யாரையும் லைன வுட்டு அனுப்பக்கூடாது, அதான் அங்க ரூல். போய் கேட்டேன். லஞ்சுக்கு அப்பால பாக்கலாம்னுட்டார். லஞ்ச் முடிஞ்சி மறுபடியும் கை தூக்கினா. இன்னும் ரெண்டு கட்டு காலர் தச்சுட்டு போம்மான்னேன். அப்போ மேனேஜர்கிட்டகூட போவல. நானே சொன்னேன்...

ஆமா. நான்தான்.

ரெண்டு கட்டு முடிச்சா. இன்னும் ரெண்டு குடுத்தேன்...

நாலு மணி இருக்கும். மிஷின் மேல தலைய சாய்ச்சிருந்தா. தூங்கறான்னு நெனச்சு... சத்தம் போட்டேன் தம்பி. இது இன்னா உன் வூடான்னு சத்தம் போட்டேன். பக்கத்து பொண்ணு தொட்டுப் பாத்துட்டு கத்துச்சு.

கம்பெனி வேன்லதான் தூக்கினு போனாங்க. ஆஸ்பத்திரில, பஸ் ஸ்டாப்புல கெடந்தா, எங்க ஸ்டாஃப்பு மாதிரி இருந்துச்சு, தூக்கினு வந்தோம்னு சொல்லிட்டாங்க...

எதுக்குன்னா... கம்பெனிக்குள்ள செத்தான்னு தெரிஞ்சா சட்டை வாங்கற வெளிநாட்டுக்காரங்க விசாரிப்பாங்க, ஆர்டர் நின்னுடும், எழுநூறு பொம்பளைங்க தெருவுக்கு வந்துருவாங்கன்னாங்க. எழுநூறு பேருக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிகினேன். அதெல்லாம் இல்ல. பயந்துகினு போட்டேன். அவ்ளோதான்.

அன்னிலேந்து என் லைன்ல யாரும் பாஸ் கேக்கறதில்ல. நாப்பது பேரு. ஒருத்தியும் கை தூக்கறதில்ல. முந்தாநேத்து ஒரு பொண்ணுக்கு ஜுரம், துணியக்கூட பிடிக்க முடியல. வூட்டுக்கு போறியாம்மான்னு நானே கேட்டேன். வேணாண்ணா, முடிச்சுடறேன், முடிச்சுடறேன்னு அழுவுது. என்னப் பாத்து அழுவுது. உதயா மிஷின்ல இன்னும் ஆள் போடல. ஆனா நான் அந்தப் பக்கம் திரும்பினா, அவ கை தூக்கினு உக்காந்துகினுதான் கீறா...

குடிக்கல தம்பி. சத்தியமா குடிக்கல.

அத்தாட்சியா? கீது. ஒவ்வொரு கட்டுலயும் ஒரு சீட்டு இருக்கும். தச்சு முடிச்சதும் ஸ்கேன் பண்ணணும். அவ நம்பர்ல மூணு நாப்பத்தெட்டுக்கு ஒரு கட்டு பதிவாயிருக்கு. ஒண்ணே காலுக்கு வெளிய போனவ எப்படி காலர் தைப்பா? கேமரால பதிவானத அழிச்சவங்க இத மறந்துட்டாங்க. போட்டோ எடுத்து தொழிலாளர் சங்கத்து ஜோசலின் மேடம்கிட்ட குடுத்துட்டேன். நான் செஞ்சதையும் எழுதி, கையெழுத்து போட்டு குடுத்துட்டேன்...

என் பேரு இல்லாம எப்படி? இருக்கட்டும்.

புதன்கிழமை அந்த வெளிநாட்டு கம்பெனி ஆளுங்க வராங்க. மேடம் நேரா அவங்ககிட்டயே குடுக்கப் போறாங்க. லேபர் ஆபீஸ்லயும் குடுக்கணும், அதுக்கு புருஷன் நீங்க புகார் எழுதணும். உடம்பு முடியாதவங்க மேனேஜர் கையெழுத்துக்கு காத்துகினு இருக்கக்கூடாது, செல்போன பொட்டில வெச்சி பூட்டக்கூடாது, அதையும் கேக்கப் போறாங்க...

செல்போனா? ஆமா, காலைல கேட்லயே வாங்கி பூட்டிடுவாங்க. வெளிய போவும்போதுதான் தருவாங்க. உங்களுக்கு தெரியாதா?...

ரெண்டு மணிக்கா? எத்தனை வாட்டி அடிச்சீங்க?...

பொட்டிக்குள்ள அடிச்சிருக்கும் தம்பி. பாஸ் வாங்கினு போனவ போன எடுக்கலன்னு நீங்களும் தப்பா நெனச்சி... ம். ம். புரியுது...

போன கேட்டா. ஆமா, கேட்டா. இத சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ரெண்டாவது வாட்டி கை தூக்கினப்போ, பாஸ்கூட வேணாண்ணா, போன மட்டும் குடுங்க, எங்க வூட்டுக்காரரு ஆட்டோ எடுத்துகினு வந்துருவாரு, கேட் பக்கத்துல உக்காந்துகினு இருக்கேன்னா...

குடுக்கல.

...

அழுவுங்க. நான் வெக்கல. லைன்லதான் கீறேன்.

...

இல்ல தம்பி, மன்னிப்பு கேக்க போன் பண்ணல. அத கேக்கற யோக்கியதை எனக்கில்ல. போலீஸ்ல சொல்லச் சொன்னாலும் சொல்றேன்...

யாரு? அம்மாவா? பக்கத்துல கீறாங்களா?... போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. எத்தனை வாட்டி வேணும்னாலும் சொல்றேன்...

அம்மா, நான் லோகநாதன், உங்க மருமக லைன் சூப்பர்வைசர். கேக்குதாங்களா?... உதயா அன்னிக்கு வெளிய போவலம்மா. காலைல எட்டரைலேந்து நாலு மணி வரைக்கும் என் கண்ணு முன்னாடி, மிஷின்லதான் உக்காந்திருந்தா. வூட்டுக்கு போவணும், வூட்டுக்கு போவணும்னுதான் கேட்டா...

இல்லம்மா. வேற யாருக்கும் இல்ல. உங்க புள்ளகிட்ட பேசத்தான் போன் கேட்டா.

...அம்மா?

ஹலோ... ஹலோ?