சூப்பர்வைசர் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

“ஞாயித்துக்கெழம நான் மூவாருக்குப் போனது அந்த சூப்பர்வைசருக்கு எப்படிடி தெரியும்?”

செனாய்க்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுப் பெண்மணி போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவள் அவருடைய லைன் லீடர், வயதில் இளையவள்.

“மெதுவா பேசுங்க லா, அக்கா.”

“என்ன மெதுவா? வீட்டுல வேலை இருக்கு, ஓவர்டைம் வர முடியாதுன்னு சொன்னேன். நேத்து எல்லார் முன்னாடியும், ‘வீட்டுல வேலைன்னீங்க, மூவார்ல என்ன வேலை?’ன்னு கேக்குறான். எங்கண்ணன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கென்ன?”

“வருகைப் பதிவு ஆப்புல லொக்கேஷன் ஓடிக்கிட்டே இருக்கும்க்கா, நாம எங்க போனாலும் அவருக்குக் காட்டும்.”

“ஓட்டச் சொல்லி நான் சொன்னேனா?”

“சொன்ன மாதிரிதான். ‘சம்மதம்’னு அக்ரி பட்டன அமுக்கியிருக்கீங்களே.”

“அமுக்குனது நீ! கேன்டீன் மேசையில எல்லார் போனையும் வரிசையா வெக்கச் சொல்லி, நீதான அமுக்கிக்கிட்டே போன?”

“பஸ் போயிரும், சீக்கிரம் அமுக்குன்னு நீங்கதான கத்துனீங்க?”

அக்கா தன் போனை அவள் மடியில் போட்டார்.

“சரி, என் தப்பு. இப்ப நானே படிச்சு அமுக்குறேன். வேணாம்னு சொல்ற பட்டன் எங்க இருக்கு, காட்டு.”

அவள் ஆப்பில் சம்மதம் கேட்கும் பக்கத்தைத் திறந்து, மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“அந்தப் பட்டன் இல்லக்கா. அக்ரி மட்டும்தான் இருக்கு.”

“பின்ன என்னத்துக்குடி சம்மதமான்னு என்னையக் கேக்குறான்?”