பவனேஷுக்கு மூன்று நற்சான்றுகள்

எங்கள் ஈஜோக் மாதிரித் தோட்டப்புற ஊரில் நல்ல கணக்கு வாத்தியார் கிடைப்பது குதிரைக்கொம்பு. குமணன் சார், நீங்கள் கோலாலம்பூரில் பெரிய வங்கி அதிகாரி. ஒரு விளம்பரம் போட்டால் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்தும் இந்த லோகேஸ்வரி டீச்சருக்கு அப்படி யாரும் வருவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

பவனேஷ் ஐந்தாம் படிவத்தில் என்னிடம் படித்தவன். அப்பா தனபாலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பையன் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டு வந்து, வெளிநாட்டில் நிதிப் பொறியியல் முதுகலை படிக்கப் போகிறேன் என்றான். பொறியியல் என்ற சொல் காதில் விழுந்ததுமே தனபாலன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டில் தண்ணீர் பம்பைப் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். நாளைய விலை எப்படிப் போகும் என்று கணக்குப் போடும் படிப்பு அது என்று நான்தான் விளக்கினேன். அதற்கு ஜோசியமே போதுமே என்றார் கோயில் ஐயர். இருந்தாலும் விண்ணப்பம் போகுமுன் அர்ச்சனை செய்தார். பட்டியலில் முதலில் இருந்த பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். பவனேஷ் அது தொடங்கப்பட்ட தேதியைத் தேடிப் பிடித்து, பஞ்சாங்கம் பார்த்து, பூராடம் என்றான். அவ்வளவு சிரத்தையான பிள்ளை.

நுழைவுத் தேர்வுக்குப் படித்த மாதங்களில் கைச்செலவுக்காக என் மையத்தில் பாடம் நடத்தினான். பின்னத்தைக் கண்டால் அழுத தோட்டத்துப் பிள்ளைகள் நிகழ்தகவு பேச ஆரம்பித்தார்கள். பதினெட்டுப் பேர் அறுபது பேரானார்கள். அப்போதுதான் அவன் தட்டில் பழம் வைத்துக் கொண்டுவந்து, என் காலில் விழுந்து, நற்சான்றுக் கடிதம் கேட்டான்.

உங்களுக்குத் தெரியும், அந்தக் கடிதத்தை எழுதுகிறவரே நேராக அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் உண்டு. அதில் டிக் போட்டால், கடிதத்தைப் பார்க்கும் உரிமை தனக்கு வேண்டாம் என்று மாணவன் எழுதிக் கொடுத்ததாக அர்த்தம்.

“இதுல டிக் பண்ணவா டீச்சர்?” என்று கேட்டான்.

“என் மேல நம்பிக்கை இருந்தா பண்ணு.”

உடனே போட்டான். நம் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். ஆசிரியரிடம் என்ன எழுதினீர்கள் என்று கேட்பது மரியாதை இல்லை.

முதல் வருடம் நான் பொய் எழுதவில்லை. நேரம் தவற மாட்டார், கையெழுத்து அழகு, சொன்னதைச் செய்வார் என்று எழுதினேன். கணிதத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். விண்ணப்பித்த நான்கு பல்கலைக்கழகங்களும் வேண்டாம் என்றன. பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்துவிட்டான். அந்த வருடம் எங்கள் பிள்ளைகளில் இருபத்தோரு பேர் கணக்கில் ஏ எடுத்தார்கள்.

இரண்டாம் வருடம் அவன் நுழைவுத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தொலைத்தான். எனக்கு வேறு வழி இல்லை. நெருக்கடி வந்தால் மனம் பேதலிக்கும், ஒருமுறை சிகிச்சைக்கும் போயிருக்கிறார், இப்போது தேறி வருகிறார் என்று எழுதினேன். தேறி வருகிறார் என்பதைக் கவனியுங்கள். மூன்றாம் வருடம், மாதிரித் தேர்வில் காப்பி அடித்துப் பிடிபட்டார், ஏழைக் குடும்பம் என்பதால் மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன். பெருந்தன்மை இல்லாமல் ஒரு கடிதம் எழுத எனக்கு வராது.

அந்த வருடம்தான் ஒரு பேராசிரியர், பாவம் பார்த்து, உனக்குச் சான்று எழுதுகிறவர்களில் ஒருவரை மாற்றிக்கொள் என்று அவனுக்கு மின்னஞ்சல் போட்டார். எழுதியவர்கள் இரண்டே பேர்: படிக்கும் காலத்தில் அவனை உங்கள் வங்கியில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட நீங்களும், நானும். அவன் நேராக என்னிடம் ஓடி வந்தான். யாராக இருக்கும் என்று கேட்டான்.

“அந்தப் பேங்க்காரரா இருக்கும்லா. பெரிய எடத்து ஆளுங்களுக்கு நம்ம பிள்ளைங்க மேல வர்றது பிடிக்காது,” என்றேன்.

அதை நம்பித்தான் நீங்கள் கொடுக்க இருந்த வேலையை உதறினான், உங்கள் மேல் பழி போட்டு அப்படி ஒரு செய்தியும் அனுப்பினான். சூடான செய்திதான். கொஞ்சம் திருத்திக் கொடுத்தவள் நான். நீங்கள் கோபித்துக்கொண்டு விலகிவிடுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தின் நகலோடு காரேறி இங்கே வருவீர்கள் என்று நினைக்கவில்லை.

ஆமாம், மூன்றையும் எழுதியது நான்தான். பக்கத்து அறையில் கேட்கிறதே, அது அவன் குரல். இருபத்தேழு வயதில் எவ்வளவு பொறுமை பாருங்கள். வகுப்பு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை, என்ன எழுதினீங்க டீச்சர் என்று அவன் கேட்டிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்கு அவன் மேல் உள்ள வருத்தம் அது ஒன்றுதான்.

அவன் போய்விட்டால் இந்த அறுபது பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கவலைப்படாதீர்கள். கங்கா என்று ஒரு பெண் இருக்கிறாள், பவனேஷிடம் படித்தவள், கணக்கில் அவனையே மிஞ்சுவாள். அவளுக்கும் அதே படிப்புதான் வேண்டுமாம். நேற்று பழத்தட்டோடு வந்தாள். நீங்கள் சாப்பிடுவது அவள் கொண்டுவந்த ஆரஞ்சுதான். கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள், வெள்ளிக்கிழமைக்குள் கடிதத்தை நான் அனுப்பிவிட வேண்டும்.