மச்சானை வைத்து ஒரு டெஸ்ட்

மெடிக்கல் காலேஜிலிருந்து கிழக்கேகோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“உன் தம்பி மூத்திரத்த என் பேர்ல கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்,” என்றார் கணவர்.

“எந்தா? கிறுக்கா உங்களுக்கு?”

“பின்னே? எனக்கு, மூத்திரத்துல செல்லுகளப் பாக்குற பழைய டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. புது டெஸ்ட்ல கேன்சர் சந்தேகம்னு வருது. மூத்திரப்பைக்குள்ள கேமரா விட வைக்கிறதுக்காக, புதுசு எல்லாருக்கும் இருக்குன்னுதான் சொல்லும்னு நெனச்சேன்.”

“அவனுக்கு என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் இல்லன்னு.”

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“அப்போ அது எல்லாருக்கும் இருக்குன்னு சொல்லல, அல்லே?”

“பழைய டெஸ்ட் எனக்கு இல்லன்னுதானே சொல்லுச்சு?”

“கட்டி சின்னதா இருந்தா பழசுல தப்பிரும்னு டாக்டர் சொன்னாரே.”

“புதுசும் சமயத்துல தப்பாச் சொல்லும்னாரு.”

“அதுக்குத்தான் கேமரா. மூத்திரம் ரத்தமாப் போனது உங்களுக்கா, என் தம்பிக்கா?”

பட்டம் ஸ்டாப்பில் பஸ் நின்றதும் அந்த அம்மாள் அவரைக் கையைப் பிடித்து இறக்கினார். மெடிக்கல் காலேஜுக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக இருவரும் ரோட்டைக் கடந்தார்கள்.